பழைய மரம், பழைய ஓடு விற்கும் கடை: ஓட்டு வீட்டுக்காரர்கள் போகலாமா?

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தாராபுரம் வட்டாரத்தில் பழைய மரக்கடை என்று கேட்டால் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். முள்கம்பி போட்ட ஒரு காடு, நடுவில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் கயிற்றுக்கட்டில், கட்டிலில் கடைக்காரர். சுற்றிலும் இடித்த வீடுகளில் இருந்து வந்த சகலமும் குவிந்து கிடக்கிறது. ஓடு, தூலம், வாரை (கூரையைத் தாங்குகிற சாய்வுச் சட்டம்), நிலை, கதவு, கல் தூண், ஆட்டுக்கல், ஜன்னல் கம்பி, யாரோ வீட்டுக் கழிப்பறைப் பீங்கான் வரைக்கும்.

ஓட்டு வீட்டில் குடியிருந்துகொண்டு, வேலையில் பாதியை நாமே செய்து காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உள்ளே போன பிறகு கண்ணை மூடிவிடாதீர்கள், அவ்வளவுதான். காரணம் எளிது. பழைய வீட்டுக்கு உதிரிபாகம் புதுக்கடையில் கிடைக்காது, இன்னொரு பழைய வீட்டில்தான் கிடைக்கும். ஊரில் ஒரு வீட்டை இடித்தால் அதன் கூரை எங்கேயோ இன்னொரு கூரையின் ஓட்டையை அடைக்கப் போகிறது, இந்தக் கடை அதற்கு நடுவில் நிற்கிறது.

எங்களுடையது தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீடு. என் வீட்டுக்காரருடைய அப்பாரு, அதாவது தாத்தா, கட்டியது. கருங்கல் கடைக்கால், மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, பனை வாரை, மங்களூர் ஓடு. முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம், உள்ளே ஒரு பெரிய அறை, சமையல்கட்டு, கொஞ்சம் தள்ளி மாடு கட்டுகிற கட்டுத்தரை. பார்க்க வந்த இன்ஜினியர் வாசலில் நின்றபடியே, இடித்துவிட்டுத் தார்சு (கான்கிரீட் கூரை) போட்டுவிடுங்கள் என்றார். அந்தக் காசு இருந்தால் நாங்கள் ஏன் அவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கிறோம்! சுவர் கெட்டியாக நின்றது. கூரையில்தான் கோளாறு, அதிலும் பாதி ஓட்டில், மீதி நாலைந்து வாரையில்.

எங்கள் பக்கம் ஓட்டுக்கு எதிரி மழையைவிடக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தச் சீமைக்குள் புகுந்து வருகிறது, அதனால்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊரில் பழமொழி, இங்கே ஏறக்குறைய வானிலை அறிக்கை. காற்று அடிக்க அடிக்க ஓடு ஒன்றோடொன்று உரசி, விளிம்பு தேய்ந்து, இடம் நகர்ந்து போகும். அப்படி நகர்ந்த இடத்தில் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் வாரை கெடும், வாரை கெட்டால் ஓடு இன்னும் நகரும்.

சரி, ஓட்டுக்கு வருவோம், இந்தக் கடைக்குப் போவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்புக்காரர்கள் 1865இல் மங்களூரில் முதல் தொழிற்சாலை போட்டார்கள், அப்புறம் அந்த மாதிரி ஓடு கோழிக்கோட்டுப் பக்கம் ஃபெரோக், அங்கே இங்கே என்று பல இடத்தில் செய்ய ஆரம்பித்து, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி பெயரோ ஏதாவது முத்திரையோ பதித்திருக்கும். அந்த முத்திரையை அழகுக்காகப் பார்க்காதீர்கள், அதுதான் உங்களுக்கு அளவுகோல். ஒவ்வொரு கம்பெனி அச்சிலும் பக்கவாட்டு வரிப்பள்ளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். கூரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நூல் இடைவெளி விழும், அந்த நூல் இடைவெளி போதும், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து குண்டா எடுத்து வைப்பதற்கு.

அதனால் வீட்டில் இருந்து ஒரு நல்ல ஓட்டைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த படம் உதவாது. கடையில் அடுக்கிலிருந்து இரண்டு ஓட்டை எடுத்து, உங்கள் ஓட்டை நடுவில் வைத்துத் தரையில் கோத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆடாமல் உட்கார வேண்டும். எங்கள் ஓட்டில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கும். கடையில் இருந்த பெரிய அடுக்கு வேறு முத்திரை, விலையும் குறைச்சல், வீட்டுக்காரர் அதிலேயே கை வைக்கப் போனார். கடைக்காரர் கட்டிலில் இருந்து எழுந்திருக்காமலே, "அம்மிணி, அதை விடச் சொல்லுங்க, அது உங்க ஓட்டுக்குச் சேராதுங்க, அந்த வேப்பமரத்தடியில பாருங்க" என்றார். விற்கிறவர் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம், அதற்கே ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

வேப்பமரத்தடியில் இருந்தது எங்கள் அச்சேதான். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க வேண்டும். இடது கையில் ஓட்டைத் தொங்கப் பிடித்து வலது கை முட்டியால் தட்டினால் டங்கென்று வெண்கலம் மாதிரி சத்தம் வர வேண்டும். பொத்தென்று வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். அடிப்பக்கம் இரண்டு மூக்கு இருக்கும், அதுதான் ரீப்பரில் (ஓடு உட்காருகிற குறுக்குச் சட்டத்தில்) மாட்டிக்கொள்கிற இடம். ஒரு மூக்கு உடைந்திருந்தாலும் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஆகாது. பாசி பிடித்துக் கறுத்திருந்தால் கவலைப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். மேல்தோல் பொரிந்து, விரலால் சுரண்டினால் செம்மண்ணாக உதிர்கிறது என்றால்தான் ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஓட்டைக் கேட்டு வாங்கி வந்து எடை பார்த்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி எடை பாருங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அந்த அடுக்கையே மறந்துவிடலாம்.

எங்களுக்கு ஓடு ஒன்று 14 ரூபாய்க்கு விழுந்தது, பொறுக்கி எடுத்தால் 14, அடுக்கோடு அப்படியே எடுத்தால் 10. பொறுக்குவதே லாபம். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், உடைசலுக்குப் பத்து இருபது சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் அடுத்த முறை போகும்போது அதே முத்திரை இருக்காது.

இங்கே ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் பொறுக்கி அடுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ஏற்றுகூலிப் பையன்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் இறக்கிப் பார்த்தால் அடிவரிசையில் வேறு முத்திரை ஓடு கலந்திருந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, மாற்றித் தருகிறேன், நீங்களே கொண்டுவாருங்கள் என்று பதில். மாற்றியும் கொடுத்தார்தான், ஆனால் வண்டி வாடகை யார் தலையில்? பில் கிடையாது, ஜிபே மட்டும் உண்டு, திருப்பி எடுப்பது அவர் மனசைப் பொறுத்தது. ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீயை வண்டி கிளம்பும்போது குடித்துக்கொள்ளலாம்.

வண்டி என்றதும் இன்னொன்று. 300 ஓடு என்றால் 750 கிலோ, குட்டியானை வண்டிக்கு அதுவே முழு பாரம். கொஞ்சம்தானே என்று மேலே நாலு வாரையைப் போட்டுக் கட்டினால் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே வரும். ஓட்டைப் படுக்கப் போடாமல் நிறுத்தி அடுக்க வேண்டும், வரிசைக்கு நடுவில் வைக்கோல் திணிக்க வேண்டும். வைக்கோல் கடையில் கொடுக்க மாட்டார்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் இருந்தே எடுத்துப் போய்விடலாம், திரும்ப வந்து மாட்டுக்கே போட்டுவிடலாம், ஓட்டுச் சில்லு இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு.

ஓட்டைக் கழுவும் வேலை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையது. தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, வெயிலில் சாய்த்து வைக்க வேண்டும். ஓட்டுக்கு ஒரு ரூபாய் கூலி, அதுவும் உண்டியலில். முதல் நாள் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள், அடுத்த நாள் கூலி உயர்வு கேட்டார்கள். பெரியவன் பழைய ஆணியை அம்மிக்கல் மேல் வைத்து நிமிர்த்துகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான், இப்போது டப்பா டப்பாவாக ஆணி இருக்கிறது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

மரத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். தேக்கு, வேம்பு என்றால் கன அடிக் கணக்கு, பனை வாரை என்றால் எண்ணிக்கைக் கணக்கு. கன அடியில்தான் நமக்குத் தெரியாமல் காசு போகும். 4 அங்குலம், 3 அங்குலம், 10 அடி நீளச் சட்டம் என்றால் 0.83 கன அடி. அதில் சுவருக்குள் இருந்த முனை ஒரு அடிக்கு மக்கிப்போயிருக்கும், துளை போட்ட இடமும் அங்கேதான் இருக்கும். அதை வீட்டில் கொண்டுவந்து நாம் வெட்டி அடுப்பில் வைக்கப் போகிறோம், பிறகு அதற்கு ஏன் தேக்கு விலை கொடுக்க வேண்டும்? முனையைக் கழித்துவிட்டு அளங்கண்ணா என்று சொன்னால் அதே சட்டம் 0.75 ஆகிவிடும். முகம் சுளிப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார். ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோய் அங்கங்கே குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் கரையான் தின்றது. சட்டத்துக்கு அடியில் மாவு மாதிரி கொட்டிக்கிடந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது, நல்ல மரத்துக்கும் ஏறிவிடும். ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகுதான் ஆசாரியிடம் கொடுக்க வேண்டும், அவருடைய இழைப்பு மெஷினில் ஒரு ஆணி பட்டால் பிளேடு போச்சு, அந்தக் கோபம் நம் கூலியில் தெரியும்.

பனை வாரையில் இந்தக் கடையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இன்றைக்குப் பச்சைப் பனையைக் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, வெட்டவும் மனசு வராது. தமிழ்நாட்டுக்கு மாநில மரமே அதுதான். இடித்த வீட்டு வாரைதான் ஒரே வழி. வெட்டு முகத்தைப் பார்த்து எடுங்கள். கறுப்புக் கோடு நெருக்கமாக இருந்தால் வைரம் பாய்ந்தது, வெளுப்பாகப் பஞ்சு மாதிரி இருந்தால் அது சோற்றுப் பகுதி, கரையானுக்கு விருந்து. வாங்கி வந்ததும் முந்திரிக்கொட்டைத் தோலில் எடுக்கிற எண்ணெய் இரண்டு கை அடித்தோம். மலிவு, நன்றாகக் கறுத்து ஊறும், பூச்சி அண்டாது. ஆனால் தோலில் பட்டால் வெந்துபோகும், கொப்புளம் போடும். கையுறை போட்டு, முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடிக்க வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

கதவு விஷயத்தில் என் கருத்தும் அத்தை கருத்தும் வேறு. கடையில் ஒரு இரட்டைக் கதவு இருந்தது, கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுழல்கிற பழைய கதவு, நிலையோடு சேர்த்துக் கொடுத்தார். இந்தக் கதவை நிலையோடு வாங்கினால்தான் உண்டு, தனியாக வாங்கினால் குழி பொருந்தாது. நான் ஆசாரத்துக்கு வைக்கலாம் என்றேன். "யாரு வீட்டு நெலவோ, அந்த வீடு ஏன் இடிஞ்சுதோ, அதை நம்ம தலைவாசலுக்கு வெக்கறதா கண்ணு?" என்றார் அத்தை. அதற்கு மேல் பேச்சில்லை, தானியம் போடும் அறைக்கு வைத்தோம். உண்மையைச் சொன்னால் அங்கேதான் அது பொருத்தம், எலி நுழைகிற சந்து இல்லை.

கதவில் பழைய பெயிண்ட் இருந்தால் ஒரு விஷயம். 2017 நவம்பரில் இருந்துதான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது, அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாளில் தேய்க்காதீர்கள், தீ வைத்து உருக்காதீர்கள். நாங்கள் வீட்டுக்கு வெளியே சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தோடு சுரண்டினோம், முகமூடி போட்டுக்கொண்டு. சுரண்டலைக் கூட்டிக் கட்டி வைத்துவிட்டோம், எருக்குழியில் போடவில்லை.

இந்தக் கடையில் வாங்கக் கூடாதவையும் நிறைய உண்டு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே, கட்டுத்தரைக்குப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். வெட்டும்போதும் உடையும்போதும் வருகிற தூசி நுரையீரலில் போய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும், சித்திரை வெயிலில் அதற்கடியில் மாடு நிற்கிற பாவம் வேறு. பழைய ஒயர், சுவிட்ச் எதுவும் தொடவே கூடாது. இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைத்திருக்கும். கல் தூண், ஆட்டுக்கல் எல்லாம் இப்போது ரிசார்ட்காரர்கள் வாங்குகிற விலைக்குப் போய்விட்டது. அந்த மாதிரி அழகுச் சாமான் தேடுகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கே போய்விடலாம், அங்கே தேர்வு அதிகம், பேரம் பேசவும் தெம்பு வேண்டும்.

நான் போனதில் மிகவும் சந்தோஷப்பட்டது ஒரு கண்ணாடி ஓட்டுக்கு. எங்கள் அச்சுக்கே பொருந்துகிற மாதிரி ஒன்று தூசிக்குள் கிடந்தது, 120 ரூபாய். சமையல்கட்டில் அடுப்புக்கு நேர்மேலே போடாமல் ஒரு முழம் தள்ளி, காய் அரிகிற திண்டுக்கு மேலே போட்டோம், அடுப்புக்கு மேலே போட்டால் புகை படிந்து பத்து நாளில் கறுத்துவிடும். இப்போது காலையில் இருந்து சாயங்காலம் வரை அங்கே லைட் போடுவதில்லை. வெயில் காலத்தில் உச்சிவேளைக்கு அந்தத் திண்டில் உட்கார முடியாது, அது ஒன்றுதான் குறை. இரண்டாவது கண்ணாடி ஓடு போடலாம் என்ற யோசனையை அதனால் விட்டுவிட்டோம்.

உடைந்த ஓடும் வீணாகவில்லை. கடையிலேயே உடைசல் மூட்டை சும்மா கொடுத்தார். அதை இடித்துச் சலித்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு ஓட்டுத்தூளும் மணலுமாக மூன்று பங்கு சேர்த்து, முகட்டு ஓட்டைப் பதிக்க வைத்துக்கொண்டோம். சிமெண்ட் வைத்தால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் காற்றில் கூரை அசையும்போது சேர்ந்து அசையாமல் விரிசல் விட்டுவிடும், பிறகு ஓட்டைக் கழற்றும்போது ஓடும் சேர்ந்து உடையும். சுண்ணாம்புக் கலவையை ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும், அவசரக்காரர்களுக்கு அது ஆகாது. ஓரத்து வரிசை ஓட்டை மட்டும் துளையில் கம்பி விட்டு ரீப்பரோடு முறுக்கிக் கட்டினோம். போன ஆடிக்கு ஒன்றுகூட நகரவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஓட்டுக்கும் பனை வாரைக்கும் முழு ஐந்து, ஏற்றிவிடுகிற லட்சணத்துக்கும் பில் இல்லாததற்கும் சேர்த்து ஒன்றரையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடைக்காரர் இருக்க மாட்டார், பையன்களுக்கு விலை தெரியாது. மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் அப்போது கடையில் சரக்கு அதிகம் இருக்காது, தை பிறந்து இடிக்க ஆரம்பித்த பிறகு மாசியில் போனால் நல்ல சரக்கு வந்திருக்கும், ஆடிக்கு முன்னால் வேலையையும் முடித்துவிடலாம்.

கட்டுத்தரைப் பக்கம் எங்களுக்கு இன்னும் ஐம்பது ஓடு குறைகிறது. அடியில் நட்சத்திரம் பதித்த ஃபெரோக் ஓடு, யார் வீட்டிலாவது இடித்துப் போட்டுக் கிடந்தால் சொல்லுங்கள், வைக்கோலோடு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.